கண்ணாடிக் குழாயில் நின்ற ரத்தம்

போன மாதம் என் தம்பிக்குக் கோலாலம்பூரில் பைபாஸ் ஆபரேசன் நடந்தது. காலில் இருந்து ரத்தக் குழாயை எடுத்து இதயத்தில் ஒட்டுப்போட்டார்கள். நான் பார்க்கப் போனபோது இளம் டாக்டர் ஒருவர் ரத்தச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எது கூடினால் கவலை, எது குறைந்தால் கவலை என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தார். தாள் முழுக்க வரிகள். தம்பி அவர் சொன்ன எதையும் காதில் வாங்காமல் என் முகத்தையே பார்த்தான்.

"அக்கா, நீ சொல்லுக்கா. பொழச்சிருவேனா?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் நெஞ்சைக் கிழித்துக்கொண்டவள் நான். ஆகையால் இதயம் சம்பந்தமான எதற்கும் நான்தான் நிபுணர். பிழைத்துவிடுவாய், வாயை மூடிக்கொண்டு படு என்றேன். பிழைத்துவிட்டான், ஆண்டவன் புண்ணியம். வீடு திரும்பியதில் இருந்து என் காலத்து ரத்தச் சோதனைதான் நினைவில் சுற்றுகிறது. அவனுக்கு ஒரு தாள் நிறைய எண்கள். எனக்கு ஒரே ஓர் எண். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

மெர்டேக்கா என்னும் சுதந்திரத்தின் தேதியை அறிவிக்கப்போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குத் திரண்டு போன அன்று நானும் புதுச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினேன். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த புதிது. காஜா பெராங் சாலை முடிவதற்குள் எனக்கு மூச்சு முட்டியது. காப்பிக்கடை வாசலில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாடே எழுந்து நிற்கும்போது நீ உட்கார்ந்துவிட்டாயே என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். பிறகு நீலம் பூத்த என் உதட்டைப் பார்த்தார். கேலி நின்றுபோயிற்று. என்னைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார். தேதி என்னவென்று மறுநாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வியாதி பழையது. ரப்பர் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோது முட்டி வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேன். வீக்கம் வடிந்தது, எல்லாரும் மறந்துபோனார்கள். அந்தக் காய்ச்சல் மட்டும் என்னை மறக்கவில்லை. இதயத்தின் இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் கதவைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகிறதாம். மாடிப்படி என்றால் பயம், தண்ணீர் வாளி என்றால் பயம், மல்லாந்து படுத்தால் இருமல். இலவம்பஞ்சுத் தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்தபடியே தூங்கினேன்.

வழி இருந்தது. சிங்கப்பூரில் ஒரு சர்ஜன் விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, இதயத்துக்குள் விரலை விட்டு அந்தக் கதவை அகலமாக்கிவிடுவாராம். என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். ஊர் முழுக்கப் பேசிப் பழகியவர். அவரே இதைக் கேட்டதும் விரலையா, விரலையா என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் அதற்கு முன்னால் பழைய காய்ச்சல் உடம்பில் அடங்கியிருக்க வேண்டும். அது உள்ளே கனன்றுகொண்டிருக்கும்போது கத்தி வைத்தால் ஆள் தேறுவது சந்தேகம். அடங்கிவிட்டதா என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ரத்தச் சோதனை.

சோதனையை நான் பார்த்திருக்கிறேன். ரத்தத்தை எடுத்து மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிறுத்திவைப்பார்கள். அரிசி கழுவிய தண்ணீர் தெளிவதுபோல மேலே தெளியும், சிவப்பு கீழே போகும். உடம்பில் காய்ச்சல் இருந்தால் சிவப்பு வேகமாக அடியில் உட்காரும், எண் கூடும். நல்ல உடம்பில் நிதானமாக உட்காரும், எண் குறையும். ஈ.எஸ்.ஆர். என்று அதற்குப் பெயர். எங்கள் வீட்டில் அதற்கு 'மார்க்கு' என்று பெயர். முதல் தடவை மார்க்கு நிறைய வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு என் மாமியார் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்து, அக்கம்பக்கத்துக்குச் சர்க்கரையும் கொடுத்துவிட்டார். நிறைய வந்தால் கெட்டது என்று விளக்கியபோது அவருக்கு வந்த கோபம் டாக்டர் மேல்தான். கெட்டதுக்கு எதற்கு மார்க்கு என்று கேட்டார். 

மாத்திரையும் ஓய்வுமாக எண் மெல்ல மெல்லக் குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தால் சிங்கப்பூருக்கு எழுதிவிடலாம் என்றார்கள். அப்போதுதான் எனக்கு நாள் தள்ளிப்போனது.

ஆபரேசன் முடியும்வரை பிள்ளை வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். கண்டித்தால் கேட்கிற விஷயமா அது? மாமியாரிடம் மட்டும் சொன்னேன். அவர் என் வாயைப் பொத்தாத குறைதான். இதற்கு முந்தைய முறை நான் சந்தோஷம் தாங்காமல் குழாயடியில் சொல்லிவிட்டேன், அந்த வாரமே கலைந்துபோனது. ஊர்க்கண் பட்டுத்தான் போயிற்று என்பது அவர் தீர்ப்பு. மூன்று மாதம் முடியாமல் யாருக்கும் சொல்லக்கூடாது, மருந்து கொடுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம், யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்கத்தான் செய்தார்கள். பெரிய டாக்டர் வெள்ளைக்காரர். அவர் இங்கிலீஷில் கேட்பார், டிரஸ்ஸர் என்கிற ஆஸ்பத்திரி உதவியாளர் அதைத் தமிழில் என்னிடம் கேட்பார், பக்கத்தில் என் வீட்டுக்காரர் நிற்பார். மாதாமாதம் ஒழுங்காக வருகிறதா என்று மூன்று ஆண்களுக்கு நடுவில் கேட்டால் எந்தப் பெண் நிமிர்ந்து பதில் சொல்வாள்? நான் தலையை ஆட்டினேன்.

அடுத்த சோதனையில் எண் ஏறியிருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. காய்ச்சல் திரும்பிவிட்டது என்று எல்லாருக்கும் முகம் வாடிவிட்டது. மாத்திரையைக் கூட்டினார்கள், காது இரைந்தது, வயிறு எரிந்தது, எண் அசையவில்லை. சிங்கப்பூர் பேச்சை யாரும் எடுக்கவில்லை. எங்கள் வீட்டில் கூட்டிக் கழித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. வயிற்றில் பிள்ளை வந்ததற்கும் கையில் எடுக்கிற ரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? மாமியார் பிள்ளைக்காக ஒரு பக்கம் வேண்டிக்கொண்டார், மார்க்குக்காக இன்னொரு பக்கம் வேண்டிக்கொண்டார். இரண்டும் ஒரே அம்மனிடம்தான்.

அந்தச் சமயத்தில் ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டரம்மா மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், உயரம், சிரிப்பு குறைவு. என் தாள்களைப் படித்தார். நாடியைப் பிடித்தார், முட்டிகளை அமுக்கிப் பார்த்தார். பிறகு டிரஸ்ஸரையும் என் வீட்டுக்காரரையும் வெளியே போகச் சொல்லிவிட்டுத் திரைச்சீலையை இழுத்து மூடினார். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் நடக்கத் தொடங்கியதில் இருந்து எனக்காக யாரும் அந்தச் சீலையை மூடியதில்லை.

"எத்தினை மாதம் பிள்ளை?" என்றார். "எனக்கு மட்டும் சொல்லும்."

நான் அழுதுவிட்டேன். அழுகையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன், குழாயடி, ஊர்க்கண், மாமியார் எல்லாம். அவர் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை உண்டானாலும் இந்த எண் கூடும். காய்ச்சல் இருந்தாலும் கூடும். இது பிள்ளையோ காய்ச்சலோ எண்டு இந்த ரத்தம் பிரிச்சுச் சொல்லாது."

என் வீட்டுக்காரரையும் உள்ளே கூப்பிட்டு நிலைமையை விளக்கினார். பிள்ளை வளர வளர உடம்பில் ரத்தம் பெருகும். என் இதயத்தில் இருந்த இடுக்குக் கதவு அதைத் தாங்காது, பிள்ளை பெறும் வரைக்கும் நான் இருப்பேனா என்பதே நிச்சயமில்லை. ஆகவே உடனே ஆபரேசன் செய்தாக வேண்டும். ஆனால் எண் ஏறியது காய்ச்சலால்தான் என்றால் அந்த ஆபரேசனே என்னைக் கொன்றுவிடும். பிள்ளையைக் கலைத்துவிட்டுக் காத்திருந்து பார்ப்பதே நல்லது என்று பெரிய டாக்டர் நினைத்தார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் அதற்கே சம்மதித்தார். எனக்கு நீ போதும் என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அதற்கு முன்போ பின்போ அவர் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அது மனசுக்கு இதமாகத்தான் இருந்தது, ஆனால் பிள்ளையைக் கலைக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு பேரும் பொழைக்கிற மாதிரி வழி இருந்தா அதைச் சொல்லுங்க டாக்டரம்மா," என்றேன்.

என்னை வார்டிலேயே வைத்துக்கொண்டார். காலையும் மாலையும் காய்ச்சல் பார்த்தார்கள். நான் தூங்கும்போது நர்ஸ் மிஸ்ஸி வந்து மெதுவாக நாடியை எண்ணிவிட்டுப் போவார். உள்ளே காய்ச்சல் இருந்தால் தூக்கத்திலும் நாடி ஓடுமாம். முட்டி வீங்கவில்லை, உடம்பு சுடவில்லை, நாடி தூங்கியது. எண் மட்டும் கீழே வர மறுத்தது. எல்லாவற்றையும் எழுதி டாக்டரம்மா சிங்கப்பூர் சர்ஜனுக்கு அனுப்பினார். தன்னுடைய மனதுக்கு இது காய்ச்சலாகப் படவில்லை என்றும் எழுதினாராம். அது தப்பாகப் போயிருந்தால் பழி முழுக்க அவர் தலையில் விழுந்திருக்கும். சர்ஜன் வரச் சொன்னார். ஒரு நிபந்தனை, எனக்கு ஏற்ற ரத்தம் உள்ள ஆட்களும் கூட வர வேண்டும்.

இங்கேதான் சிக்கல். ரத்தம் கொடுத்தால் திரும்ப ஊறாது, ஆண்மை போய்விடும் என்றெல்லாம் ஊரில் பேச்சு. சொந்தக்காரர்களே நழுவினார்கள். அதுமட்டுமல்ல, இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்டால் பிள்ளை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தபடியே வாயைத் திறப்பார், மூடுவார். மூன்று மாதம் இன்னும் முடியவில்லை.

முடித்துவைத்தவர் என் மாமியார். ஒரு காலையில் வெறுங்கையோடு, குடம்கூட எடுக்காமல், கூட்டம் நிறைந்த குழாயடியில் போய் நின்றார். அங்கே இருந்தவர்கள் எனக்குச் சொன்னது இது.

"எம்மருமக முழுகாம இருக்கா. நெஞ்சை அறுக்கணும், ரத்தம் வேணும். கண்ணு வைக்கிறவங்க வச்சிக்குங்க. கையை நீட்டுறவங்க வாங்க."

சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மன் படத்துக்கு முன்னால் சுருண்டு படுத்துக்கொண்டாராம். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதை வெளியே சொல்ல அவருக்கு எவ்வளவு பயம் என்று எனக்குத் தெரியும். அவருடைய மற்ற எல்லா அதட்டல்களையும் நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

வந்தார்கள். முதலில் வந்தது பக்கத்துவீட்டு மலாக்கா செட்டி அக்கா. பல தலைமுறைக்கு முன்னால் வந்து மலாக்காவிலேயே கலந்துபோன தமிழ் வம்சம். கெபாயா என்கிற மலாய்ச் சட்டை போட்டு, சாரோங் கட்டி, கொண்டையில் ஊசி குத்தியிருப்பார். நெற்றியில் திருநீறு இருக்கும், வாயில் தமிழ் வராது, பேச்சு முழுக்க அவர்களுடைய மலாய்தான். என் மலாய் அதைவிட மோசம். எங்களுக்குள் பாதி கையாலும் பாதி சமையலாலும்தான் பேச்சு. பிறகு என் வீட்டுக்காரரின் பஸ் டிரைவர், மலாய்க்காரர். பிறகு டவுனில் மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பாய். எல்லாருக்கும் சோதித்துப் பார்த்ததில் செட்டி அக்காவின் ரத்தமும் பாயின் ரத்தமும் எனக்குப் பொருந்தின. டிரைவருக்குப் பொருந்தவில்லை, பாவம், தான் ஏதோ பரீட்சையில் தோற்றதுபோல வருத்தப்பட்டார். மாமியாரும் கையை நீட்டினார். வயதையும் எடையையும் பார்த்து வேண்டாம் என்றார்கள். என் உடம்பில் ஓடுவது ரத்தமில்லாமல் வேறென்ன என்று சண்டைக்குப் போய்விட்டார்.

நான் தம்பின் ரயிலடி வரைக்கும் ஆஸ்பத்திரி வண்டியிலும் அங்கிருந்து ரயிலிலும் போனேன். அக்காவும் பாயும் என் வீட்டுக்காரரும் பாயின் சரக்கு லாரியில் வந்து சேர்ந்தார்கள். ஆபரேசன் மேசைக்குப் போகும் முன் அக்கா என் கன்னத்தைத் தட்டி, "ஜாங்ஙான் தாக்கோட்," என்றார். பயப்படாதே என்று அர்த்தம்.  ரத்தம் எடுத்த இடத்தில் அவர் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

ஆபரேசன் எனக்கு ஞாபகமில்லை, விழித்த பிறகு நெஞ்சில் இருந்த வலி நன்றாக ஞாபகம் இருக்கிறது. இடது மார்புக்குக் கீழிருந்து முதுகு வரைக்கும் தையல். சிரிக்க முடியாது, தும்ம முடியாது. ஆனால் தலையணை இல்லாமல் படுத்தேன். தண்ணீரில் அமுக்கி வைத்திருந்த தலையை யாரோ விட்டதுபோல மூச்சு வந்தது. சர்ஜன் வந்து எட்டிப் பார்த்தபோது அவருடைய ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரண விரல். என் வீட்டுக்காரர் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவேயில்லை, அவர்தான் கொஞ்சம் கூச்சத்தோடு உருவிக்கொண்டார். வயிற்றில் பிள்ளை பத்திரம் என்றார்கள். அங்கேயும் ரத்தம் எடுத்தார்கள். எண் அப்படியே இருந்தது.

அதுதான் எனக்கு முள்ளாக நின்றது. மூச்சு நன்றாக இருந்தது, வாளி தூக்கினேன், வயிறு வளர்ந்தது, ஊரே வந்து வந்து பார்த்தது. ஒருவர் கண்ணும் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் எண் மேலேதான். ஒருவேளை காய்ச்சல் உள்ளேதான் இருக்கிறதோ? அப்படி இருந்தால் திறந்த கதவு மறுபடியும் சுருங்கிவிடும், வேறு வழியில்லை என்று டாக்டரம்மா மறைக்காமல் சொல்லியிருந்தார். பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளையின் தலை நிற்கிற பருவத்தில் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

மகள் பிறந்தாள், சுகப்பிரசவம். நல்ல நிறம், பெரிய குரல். எல்லாரும் கொஞ்சினார்கள். நான் பால் கொடுத்தேன், குளிப்பாட்டினேன், ஆனால் அவளை என் பிள்ளை என்று முழுதாக எடுத்துக்கொள்ளத் துணிச்சல் வரவில்லை. ஒருநாள் அவளைத் தூக்கிக்கொண்டு செட்டி அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் பெண் பிள்ளை இல்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை மலாயில் கேட்டேன். ரத்தம் நல்லதாக வராவிட்டால் இவளை நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும், என் மாமியாருக்கு வயதாகிறது, இவருக்கு பஸ்ஸைத் தவிர ஒன்றும் தெரியாது. அக்கா உரலில் மிளகாய் இடித்துக்கொண்டிருந்தார். உலக்கையை வைத்துவிட்டு வெகுநேரம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு சரியென்று தலையாட்டினார். 

பிள்ளையின் தலை நின்றது. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, முடிவு கேட்க மாமியாரும் நானும் பிள்ளையுமாக மறுபடி போனோம். டாக்டரம்மா எங்களுக்காக வெளியே காத்துக்கொண்டிருந்தார். சிரிப்பு குறைந்த மனுசி என்றேனல்லவா, அன்றைக்குச் சிரித்தார்.

"எண் கீழ வந்திட்டுது. நல்ல உடம்புக்காரருக்கு இருக்கிற அளவுதான். உமக்குக் காய்ச்சல் இல்லை, அப்பவும் இருக்கேல்லை." பிள்ளையின் காலைப் பிடித்து ஆட்டினார். "இவ்வளவு காலமும் எங்களைப் பயப்பிடுத்தினது இவள்தான்."

மாமியார் அங்கேயே தரையில் விழுந்து டாக்டரம்மாவின் காலைத் தொட்டார். வயதில் இளையவர் காலை அவர் தொட்டு அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டாக்டரம்மா பதறிப்போய்த் தூக்கிவிட்டார்.  இன்றைக்கும் யாராவது டாக்டர்களைக் குறை சொன்னால் எனக்குச் சுர்ரென்று கோபம் வருவது அந்த அம்மாளை நினைத்துத்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராகச் செட்டி அக்கா வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று, "இனி அனாக், சாயா ஜாகா," என்றேன். இந்தப் பிள்ளையை நானே வளர்க்கிறேன் என்று அர்த்தம். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போனார், திரும்பி வந்தார். கையில் மடித்த சின்னச் சின்னக் கெபாயாக்கள், வெவ்வேறு அளவில், நடக்கிற வயதுக்கு ஒன்று, பள்ளிக்கூட வயதுக்கு ஒன்று, எல்லாம் புதிதாகத் தைத்தவை. நான் சாகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே அவற்றைத் தைத்திருக்கிறார். எல்லாவற்றையும் என் கையில் வைத்துவிட்டு, பிள்ளையை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.